காய்ச்சல் நின்ற பிறகு

மும்பையிலிருந்து மார்கழியில் ஊருக்கு வந்த என் தம்பி மகன், சித்திரை மாதத்து உச்சி வெயிலில், இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் பல் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தான். முந்தைய நாள் அவனுக்கு ஒன்றுமில்லை. தாமிரபரணியில் குளித்துவிட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டான். அதற்கும் முந்தைய நாள், ஏறத்தாழ இதே நேரத்தில், இதே நடுக்கம் வந்து, பிறகு உடம்பு அனலாய்க் கொதித்து, பொழுது சாயும் வேளையில் வேர்த்துக் கொட்டி அடங்கியிருந்தது. வீட்டில் எல்லோரும் வெயில் காய்ச்சல் என்றே சொன்னார்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 26 ஆண்டுகள் ஆய்வக நுட்பநராக வேலை பார்த்தவள் நான். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிருடன் வருகிற முறைக்காய்ச்சலைக் கண்டால் என் கை தானாக ஸ்லைடைத் தேடும்.

"இதுக்கு முன்னால எப்பம்லே இப்படி வந்துது?" என்று கேட்டேன்.

"போன ஐப்பசில, மும்பையில இருக்கையில வந்துது அத்தை. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு மலேரியான்னு சொன்னாவ. மூணு நாளு மாத்திரை தின்னேன், சரியாயிட்டு."

"பதினாலு நாளைக்கு வேற ஒரு மாத்திரை குடுத்திருப்பாவளே?"

"குடுத்தாவ. காய்ச்சல்தான் நின்னுட்டே, பொறவு எதுக்குன்னு நாலு நாளோட விட்டுட்டேன்."

அந்தப் பத்து மாத்திரைகள்தான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத, பெரும்பாலும் ஒற்றைச் செல்லாலான உயிரிகளில் சில நம்மையும் நம் மாடுகளையும் பயிர்களையும் தாக்குகின்றன. பாடநூல்கள் அவற்றைப் புரோட்டிஸ்டுகள் என்ற பெரிய தொகுப்பில் வைத்துப் பேசுகின்றன. அவற்றில் நான் அருகிருந்து பார்த்த ஒவ்வொன்றுக்கும், நோய் தெரிகிற உருவம் ஒன்றும், நோய் தெரியாமல் காத்துக் கிடக்கிற உருவம் இன்னொன்றும் இருந்தன. நாம் மருந்து கொடுப்பதும் மருந்தை நிறுத்துவதும் முதல் உருவத்தைப் பார்த்துத்தான். எங்கள் குடும்பம் பட்ட பாடெல்லாம் இரண்டாவது உருவத்தால் வந்தது.

அன்று மாலையே அவனை நான் முன்பு வேலை பார்த்த சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். இப்போது அங்கே இருக்கிற பெண் அவனுடைய இடது கை மோதிர விரலில் குத்தி, ஒரே கண்ணாடியில் கனத்த தடவல் ஒன்றும் மெல்லிய தடவல் ஒன்றும் எடுத்தாள். ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி ஆகிய இருவரின் பெயரைத் தாங்கிய ஜே.எஸ்.பி. சாயத்தில் தோய்த்துக் கழுவி உலர்த்தியபின், "நீங்களே பாருங்கக்கா" என்று நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள். எண்ணெய் லென்ஸின் கீழே, வெளிறிய வட்டங்களாகக் கிடந்த சிவப்பணுக்களுக்கு நடுவே, மற்றவற்றைவிடப் பருத்த ஓர் அணு தெரிந்தது. அதன் உடலெங்கும் இளஞ்சிவப்புப் பொடி தூவியதுபோல் நுண்புள்ளிகள். உள்ளே, கிழிந்த மேகம் போல நிலையான வடிவமில்லாத நீலத் திட்டு. அதன் ஓரத்தில் குங்குமப் பொட்டளவில் சிவப்பு. வைவாக்ஸ் மலேரியா. அடுத்த சில புலங்களிலேயே, அதாவது லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரிகிற வட்டங்களிலேயே, இன்னும் மூன்று கிடைத்தன.

ஐப்பசியில் மூன்று நாள் சாப்பிட்ட குளோரோகுயின் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. அது இரத்தத்தில் இருக்கிற ஒட்டுண்ணியைக் கொல்லும். ஆனால் கொசு கடித்ததும் உடம்புக்குள் நுழைகிற பிளாஸ்மோடியம் என்ற மலேரியா ஒட்டுண்ணி முதலில் இரத்தத்தில் தங்குவதில்லை. நேரே கல்லீரலுக்குப் போகிறது. வைவாக்ஸ் வகையில் ஒரு பகுதி அங்கே உடனே பெருகி இரத்தத்துக்கு வந்து காய்ச்சலை உண்டாக்க, இன்னொரு பகுதி கல்லீரல் செல்லுக்குள் பெருகாமல் உறங்கிவிடுகிறது. வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ உறங்கிய பிறகு ஒருநாள் விழித்துப் பெருகத் தொடங்குகிறது. எந்த இரத்தப் பரிசோதனையிலும் அந்த உறங்கும் நிலை தெரியாது. குளோரோகுயின் அதைத் தொடாது. அதற்காகத்தான் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாட்களுக்குக் கொடுக்கிறார்கள். நோயாளியின் கண்ணோட்டத்தில், காய்ச்சலே இல்லாத நாட்களில் விழுங்குகிற அந்த மாத்திரை வீண் வேலை போலத் தோன்றுகிறது. உண்மையில் அவன் கைவிட்டது நோயின் மீதிப் பாதிக்கான மருந்தை.

26 ஆண்டுகளாக ஸ்லைடு பார்த்தவள் என்ற முறையில் எனக்கு உறுத்துகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். எத்தனையோ பேரிடம் "பதினாலு நாளும் சாப்பிடணும்" என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று சொன்னது மிகக் குறைவு. "உன் கல்லீரலில் சிலது தூங்குது, அதுக்குத்தான் இது" என்று ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னால் மனிதர்கள் கேட்கிறார்கள் என்பதைத் தம்பி மகனிடம்தான் கண்டேன். இம்முறை மாத்திரை தொடங்கும் முன் ஜி6பிடி என்ற நொதி அவனுடைய இரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கச் சொன்னார். அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கருவுற்ற பெண்களுக்கும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை. அவனுக்குக் குறையில்லை. சாப்பாட்டுக்குப் பிறகே மாத்திரை, சிறுநீர் கறுத்துப் போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வருவது என்ற இரண்டையும் அவன் அம்மாவிடம் சொல்லி, நாட்காட்டியில் 14 கட்டங்களைச் சிவப்பு மையால் வளைத்துவிட்டு வந்தேன்.

அவனிடமிருந்து ஊருக்குப் பரவாமல் பார்ப்பது அடுத்த கவலை. அனாபிலிஸ் கொசு ஒருவருடைய இரத்தத்தை உறிஞ்சியபின், அந்த ஒட்டுண்ணி கொசுவுக்குள் வளர்ந்து அடுத்தவருக்குத் தொற்றும் நிலையை அடைய ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். கொசுவின் வயிற்றுச் சுவரில் இந்த ஒட்டுண்ணியை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்பின் நடைமுறைப் பொருள் எங்கள் தெருவுக்கு எளிமையானது. காய்ச்சல்காரன் வலைக்குள் படுக்க வேண்டும், தெருவில் மூடாத தொட்டி இருக்கக் கூடாது. சுகாதாரப் பணியாளர்கள் சுற்றியுள்ள வீடுகளில் எல்லோருக்கும் இரத்தத் தடவல் எடுத்தார்கள்; ஒருவருக்கும் இல்லை. நான் மாடிமாடியாக ஏறித் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தேன். மூடி உடைந்த தொட்டி ஒன்றில், நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்தாற்போல் மிதந்த புழுக்கள் இருந்தன. சாக்கடையில் காண்கிற கியூலெக்ஸ் புழு தலைகீழாகச் சாய்ந்து தொங்கும்; அனாபிலிஸ் புழு மட்டும் இப்படிப் படுத்துக் கிடக்கும். இந்த வேறுபாட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தால், பெரியவர்களைவிட அவர்கள் கூர்மையாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவி மூடி போட்டோம். பயன்படாத கிணற்றில் கொசுப்புழுவைத் தின்கிற கம்பூசியா மீன் விடச் செய்தோம்.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது மாட்டின் கதை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

தம்பி புதிதாக வாங்கி வந்த ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று, நாளுக்கு 9 லிட்டர் கறந்துகொண்டிருந்தது, திடீரென்று இரண்டு லிட்டருக்கு வந்துவிட்டது. தீவனத்தைத் தொடவில்லை, கண்ணில் நீர் வடிந்தது, காய்ச்சல் 106 டிகிரி ஃபாரன்ஹீட். ஊசி போடுகிறவர் ஒருவர் வந்து மூன்று நாள் பாக்டீரியாவுக்கான மருந்தைப் போட்டார். காய்ச்சல் இறங்கவே இல்லை. நான்காம் நாள் மதினி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுக்கும்போது, தோளுக்கு முன்னால் மாங்காய் அளவுக்கு நெறி கட்டியிருப்பதைக் கண்டாள். இமையைப் பிரித்துப் பார்த்தால் உள்தோல் வெளுத்துக் கிடந்தது. கால்நடை மருத்துவர் வந்து நெறியைத் தொட்ட மாத்திரத்தில், காதில் இரத்தமும் நெறியில் ஊசியால் சிறிது நீரும் எடுத்து ஸ்லைடில் தடவினார்.

நான் மனித இரத்தத்தில் பழகியவள். மாட்டு இரத்தத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள் கமாவைப்போலவும் மோதிரத்தைப்போலவும் மிகச் சிறிய உருக்கள். நெறியின் நீரில் இருந்த வெள்ளணுக்களுக்குள், நீல மையைச் சொட்டியதுபோல் திரள்கள். அவற்றின் மேல் சிவப்புப் புள்ளிகள். ராபர்ட் கோக் பெயரால் அந்த நீலத் திரள்களை அழைக்கிறார்கள் என்று மருத்துவர் சொன்னார். தைலேரியா அனுலேட்டா என்ற ஒட்டுண்ணி முதலில் வெள்ளணுவுக்குள் புகுந்து, அந்த அணுவையே கட்டுக்கடங்காமல் பெருக வைத்து, அதனுடன் சேர்ந்து தானும் பெருகுகிறது. நெறி கட்டுவது அதனால். பிறகு சிவப்பணுவுக்குப் போய்ச் சோகையை உண்டாக்குகிறது. மலேரியா ஒட்டுண்ணிக்கு இது தூரத்து உறவு. பூபார்வாகுவோன் என்ற மருந்தைக் கழுத்துத் தசையில் போட்டார். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. பத்து நாளில் பசு எழுந்து புல் மேய்ந்தது, ஆனால் அந்த ஈற்றுக்குப் பால் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. முதல் நாளே இரத்தத்தைப் பார்த்திருந்தால் அந்த மூன்று நாட்களும் ஊசிகளும் மிஞ்சியிருக்கும். காய்ச்சலென்றால் ஏதோ ஒரு ஊசி என்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் மனிதர்களுக்கும் உண்டு, மாடுகளுக்கும் உண்டு. அந்த மருந்துகளில் பெரும்பாலானவை பாக்டீரியாவின் உடலமைப்பைக் குறிவைத்துச் செய்தவை, இந்த உயிரிகளின் உடலமைப்போ வேறு.

மாடு தேறியதும் எல்லோரும் நிம்மதியானோம். மறு ஆண்டு அதே தொழுவில் கட்டியிருந்த கிடேரிக் கன்று அதே காய்ச்சலில் செத்தது.

அப்போதுதான் மருத்துவர் தொழுவின் சுவரைப் பார்க்கச் சொன்னார். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவர். காரை உதிர்ந்து விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள். நான் ஒரு துருப்பிடித்த கம்பியை ஒரு வெடிப்புக்குள் விட்டுக் கிளறியபோது, ஆமணக்கு விதைகளைப்போல் உப்பிய உண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு விழுந்தன. அவற்றின் பின்னால், கடுகை விடச் சிறிய குஞ்சுகள் சாம்பல் நிறத் தூசியாக அசைந்தன. மாட்டின் மேல் இருப்பவை மட்டுமே உண்ணிகள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஹயலோமா வகை உண்ணி மாட்டின் மேல் இரத்தம் குடித்துவிட்டு இறங்கி, இத்தகைய வெடிப்புகளில் தங்கித் தோலுரித்து அடுத்த பருவத்துக்கு மாறுகிறது. இளம் பருவத்தில் நோயுற்ற மாட்டில் குடித்த தைலேரியாவை, வளர்ந்த பிறகு ஏறுகிற அடுத்த மாட்டுக்குள் இறக்குகிறது. தேறிய பசுவின் இரத்தத்திலும் சிறிதளவு ஒட்டுண்ணி நெடுங்காலம் தங்கியிருக்கும்; அதற்கு அதனால் துன்பமில்லை, புதிய உண்ணிகளுக்கு அது ஊற்று. எங்கள் தொழுவில் நோய், பசுவிலும் சுவரிலுமாக ஓராண்டு முழுக்கக் காத்திருந்தது.

சிறுநீர் காப்பி நிறத்தில் போகிற பபேசியா நோய் இன்னொரு வகை உண்ணியால் வருவது, அது தாயுண்ணியின் முட்டை வழியாகவே குஞ்சுகளுக்குப் போய்விடும் என்பதையும் மருத்துவர் விளக்கினார். மாட்டுக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் இருவரும் 1893இல் நிறுவியது இந்த நோயில்தான்; பூச்சியினத்தைப் போன்ற ஒரு சிற்றுயிர் நோயைக் கடத்துகிறது என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்றுகளில் அது ஒன்று. எங்களுக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு கன்று தேவைப்பட்டது.

அதன் பிறகு தம்பி சுவரின் வெடிப்புகளை எல்லாம் சிமெண்டால் அடைத்துப் பூசினான். மருத்துவர் சொன்ன அளவில் டெல்டாமெத்ரின் என்ற உண்ணி மருந்தைக் கரைத்து, மாட்டின் மேல் தெளித்த அதே நாளில் சுவரிலும் தரையிலும் தீவனத் தொட்டியின் அடியிலும் தெளித்தான். மூன்று வாரம் கழித்து மறுபடியும் தெளித்தான், ஏனென்றால் முதல் தெளிப்பில் முட்டைகள் சாவதில்லை. வெயில் தணிந்த பிறகு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் தெளிக்க வேண்டும். தாகத்தோடு இருக்கிற மாடு உடம்பை நக்கிவிடும். கையால் பிடுங்குகிற உண்ணியைத் தரையில் போட்டுவிட்டுப் போகிற வழக்கத்தை மதினி விட்டுவிட்டாள். உப்பிய பெண் உண்ணி ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால், மண்ணெண்ணெய் ஊற்றிய தகரக் குவளை இப்போது தொழுவின் ஆணியில் எப்போதும் தொங்குகிறது. வெளியிலிருந்து வாங்கி வருகிற மாட்டை மற்றவற்றோடு சேர்க்குமுன் தனியே கட்டி, இரத்தம் பார்த்த பிறகே உள்ளே விடுகிறோம். நாட்டு மாடுகள் இந்த நோயை ஓரளவு தாங்கும், கலப்பினம் தாங்காது. கலப்பினம் வைத்திருப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் தைலேரியா தடுப்பூசி பற்றிக் கேட்டு வைப்பது நல்லது.

மனிதனும் மாடும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் உடம்பால் காட்டிவிடும். செடி காட்டுவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. தாமிரபரணியின் கடைப்பகுதியில், ஆத்தூர்ப் பக்கம், என் அக்கா வீட்டுக்காரருக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. ஓர் ஐப்பசியில், நான்கு நாள் அடைமழை விட்டதும் அக்கா போனில் அழுதாள். அகத்தியைப் பற்றிக்கொண்டு செழித்து நின்ற கொடிகள் இலை பளபளப்பு மங்கி, மஞ்சளடித்து, ஒரே வாரத்தில் துவண்டு தொங்கின. அத்தான் உரக்கடையில் கேட்க, பூஞ்சாணம் என்று சொல்லி கார்பெண்டசிம் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை ஊற்றியும் வாடல் பக்கத்துப் பாத்திக்குப் போய்க்கொண்டே இருந்தது.

நான் போனபோது ஒரு கொடியை வேரோடு பிடுங்கினோம். மண்ணை ஒட்டிய கணு கறுத்து, ஈரமாக, விரலால் அழுத்தினால் தோல் கழன்று வந்தது. உள்ளே நார் மட்டும் மிச்சம், அழுகல் வாடை. தோட்டக்கலை அலுவலர் ஒருவர், இது பைட்டோப்தோரா, பெயரளவில் பூஞ்சாணம் என்றாலும் உண்மையில் பூஞ்சாணமே இல்லை என்றார். ஓய்வுபெறும்போது நான் விலைக்கு வாங்கி வைத்திருந்த பழைய நுண்ணோக்கி வீட்டில் இருந்தது. கறுத்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேருகிற இடத்தில் சிறு துண்டுகளாக நறுக்கி, மூடிய தட்டில் நீரில் மிதக்கவிட்டேன். இரண்டாம் நாள், விளிம்பில் எலுமிச்சம்பழ வடிவத்தில் பைகள் தொங்கின. அலுவலர் சொல்லிக்கொடுத்தபடி தட்டை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து மறுபடி பார்த்தபோது, ஒரு பையின் நுனி திறந்து, உள்ளிருந்து பத்துப் பதினைந்து உருண்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, வாலை அடித்துக்கொண்டு நீரில் நீந்தத் தொடங்கின. அரை வாழ்நாள் நுண்ணோக்கியில் கழித்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. செடியின் நோய் நீந்துகிறது என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை.

ஒருமுறை அது நீந்துவதைப் பார்த்துவிட்டால், கொடிக்காலில் நடந்தது முழுவதும் விளங்கிவிடும். இவை நீர்ப்பாசிகளின் உறவினம். உண்மையான பூஞ்சாணத்தின் சுவரைப்போல் கைட்டினால் ஆகாமல், இவற்றின் சுவர் பெரும்பாலும் செல்லுலோசும் அதையொத்த சர்க்கரைச் சங்கிலிகளும் கொண்டது. பூஞ்சாணத்துக்கென்று செய்த கார்பெண்டசிம் இவற்றைத் தடுப்பதில்லை. கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை, நோயின் இனத்தைத் தெரியாமல் கொடுத்தார். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்கு நோயும் அதைத் தொடர்ந்து ஏறத்தாழ பத்து லட்சம் பேரைக் கொண்டுபோன பஞ்சமும் இந்த இனத்தின் இன்னொரு வகையால் வந்தவை. டி பாரி என்ற ஜெர்மானிய அறிஞர் 1876இல் அதற்கு வைத்த பைட்டோப்தோரா என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் செடியை அழிப்பது என்று பொருள். கோவில்பட்டிக் கரிசலில் கம்புக் கதிரை இலைக்கொத்தாக மாற்றிவிடுகிற பச்சைக்கதிர் நோயும் இதே குலம்தான்.

வாடிய பாத்திகளை ஒரு தாளில் வரைந்து பார்த்தோம். வாய்க்கால் தண்ணீர் எந்தப் பாத்தியிலிருந்து எந்தப் பாத்திக்குப் போகிறதோ, அந்த வரிசையில்தான் கொடிகள் செத்திருந்தன. மேட்டில் இருந்த இரண்டு பாத்திகள் தப்பியிருந்தன. அத்தான் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணிய நானேதான் திறந்துவிட்டிருக்கேன்" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் செய்தவற்றை விரிவாகச் சொல்கிறேன், கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படலாம். வாடிய கொடிகளை வேரும் அடி மண்ணுமாகத் தோண்டி வெளியே கொண்டுபோய் எரித்தார்; வாய்க்காலில் எறியவில்லை. நோய்ப் பாத்தியில் பாய்ந்த நீர் மற்றப் பாத்திக்குப் போகாமல், பாத்திக்குப் பாத்தி தனி வடிகால் வெட்டினார். நோய்ப் பாத்தியில் வேலை செய்த மண்வெட்டியையும் கால்களையும் கழுவிவிட்டே அடுத்த பாத்தியில் இறங்கினார். பிறகு போர்டோ கலவை. இதைச் செய்யும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு சதவீதக் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் 100 லிட்டர் தண்ணீரும் வேண்டும். கொடியின் அடியில் ஊற்றுவதற்குக் கால் சதவீதம் போதும் என்று அலுவலர் சொன்னதால், இரண்டிலும் 250 கிராம் எடுத்துக்கொண்டோம். மயில்துத்தத்தைப் பிளாஸ்டிக் வாளியில் பாதி நீரில் தனியாகவும், சுண்ணாம்பை மீதி நீரில் தனியாகவும் கரைத்து வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. முடித்ததும் தேய்த்துத் துலக்கிய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கொடியே கருகிவிடும். எங்கள் முதல் கலவையில் கத்தி சிவந்தது. இரண்டு கை சுண்ணாம்பு நீர் சேர்த்த பிறகே தெளிந்தது. கலந்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும். வெற்றிலை நேரே வாய்க்குப் போகிற இலை என்பதால், இலை கிள்ளி முடித்த பிறகுதான் மருந்துப் பக்கம் போக வேண்டும் என்பதில் அத்தான் கண்டிப்பாக இருக்கிறார். போர்டோ கலவையே, பிரான்சில் திராட்சையைத் தாக்கிய அடிச்சாம்பல் நோய்க்கு எதிராக 1885இல் மில்லார்டே வெளியிட்ட மருந்து. அந்த நோயும் இந்த நீந்துகிற குலத்தைச் சேர்ந்தது.

அந்த ஆண்டு நோய் நின்றது. ஆனாலும் அலுவலர் அந்தப் பாத்திகளில் உடனே வெற்றிலை வைக்க விடவில்லை. தடித்த சுவருள்ள ஓய்வு வித்துகளாக அது மண்ணில் ஆண்டுக் கணக்கில் கிடக்கும், அடுத்த அடைமழையில் விழித்துக்கொள்ளும் என்றார். அத்தான் அங்கே வாழை வைத்தார். மேட்டுப் பாத்தியின் நோயில்லாத கொடியிலிருந்து மட்டுமே விதைக்கொடி எடுத்தார். வேப்பம் பிண்ணாக்குடன் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து மழைக்கு முன்பே இடுகிறார்.

வயிற்றுக்குள் இருக்கிற அமீபாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், அது எங்கள் வீட்டில் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு வலது விலாவின் கீழே வலியும் விட்டுவிட்டுக் காய்ச்சலும் வந்து, ஸ்கேனில் ஈரல் சீழ்க்கட்டி என்று தெரிந்தது. ஊசியால் எடுத்த சீழ், கெட்டியான புளிக்கரைசல் நிறத்தில் இருந்தது. மெட்ரோனிடசோலில் கட்டி கரைந்தது. ஆனால் குடலுக்குள் சிஸ்ட் என்கிற உறைக்கூடாகத் தங்கியிருப்பவற்றை அந்த மருந்து முழுமையாக அழிப்பதில்லை. அதற்குப் பின்தொடர்ந்து டைலாக்சனைடு போன்ற வேறு மருந்து தேவை. மருத்துவர் எழுதிக்கொடுத்த அந்தச் சீட்டை அண்ணாச்சி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். தம்பி மகன் கதையைச் சொல்லித்தான் வாங்க வைத்தேன். குடிநீரில் வழக்கமாகச் சேர்க்கிற குளோரின் அளவுக்கு அந்த உறைக்கூடு சாகாது, கொதிக்க வைத்தால் சாகும். சமைக்கிறவரின் நகத்தடியில் அது பயணம் செய்யும். கோயில் கொடைக்கு அன்னதானம் சமைப்பவர்களுக்குச் சோப்பும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் நான் ஆண்டுதோறும் மல்லுக்கு நிற்பது இதனால்தான்.

மதினியின் கோழிக்குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தபோதும் இதே பாடம். ஐமீரியா என்ற உயிரியின் கூடு கழிச்சலில் வெளியேறுகையில் தொற்றும் நிலையில் இருப்பதில்லை. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் அந்த நிலையை அடைகிறது. தண்ணீர்த் தட்டைச் சுற்றிக் கூளம் நனைந்து கிடந்த இடத்தில்தான் குஞ்சுகள் விழுந்தன. ஆம்புரோலியம் கொடுத்ததோடு, நனைந்த கூளத்தை அள்ளி எறிந்து, தட்டைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்தோம். கூளத்தை நாள்தோறும் கிளறி உலர வைக்கிறாள்.

தம்பி மகன் 14 கட்டங்களையும் முடித்தான். ஓராண்டு வரை எப்போது இலேசாகக் காய்ச்சல் வந்தாலும் இரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒருமுறை தடுமன் காய்ச்சலுக்கு வந்தான், கனத்த தடவலில் 200 புலங்கள் தேடினேன், ஒன்றுமில்லை. ஆடி கழிந்து அவன் மும்பைக்குத் திரும்பிப் போனான். பெட்டியில் கொசுவலையை நானே மடித்து வைத்தேன். போன வாரம் போனில் பேசினான். அவனோடு அறையில் தங்கியிருக்கிற நாங்குநேரிப் பையனுக்குக் குளிர்காய்ச்சலாம், இரத்தம் பார்த்ததில் வைவாக்ஸ் என்று தெரிந்ததாம், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதாம்.

"மாத்திரைய நான்தான் அத்தை வாங்கி வச்சிருக்கேன், அவன் கையில குடுக்கல. தெனமும் சோறு தின்ன பொறவு நான் எடுத்துக் குடுத்து, முழுங்குதானான்னு பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். இன்னைக்கு ஒம்பதாவது."